“அண்ணே, புது கீபோர்டு ஒண்ணு கொண்டாங்க”: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆடிட்டர் ஆபீஸ், அச்சகம், ஜெராக்ஸ் கடை என்று எங்கள் ஊரில் முப்பது நாற்பது கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மார்ச் கடைசி வாரத்தில்தான் போன் அதிகம் வரும். அப்படி ஒரு நாள் கணக்கு எழுதும் தங்கச்சி ஒருவர் கூப்பிட்டார். “அண்ணே, கீபோர்டு போயிடுச்சு. அம்புக்குறியை அழுத்தினா செல் நகரமாட்டேங்குது, ஷீட்டே மொத்தமா நகருது. வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க.”

“வலது மூலையில மூணு விளக்கு இருக்குல்ல, கடைசி விளக்கு எரியுதா?”

“எரியுதுண்ணே.”

“பிரிண்ட் ஸ்க்ரீனுக்குப் பக்கத்துல ஸ்க்ரோல் லாக்னு ஒரு பட்டன் இருக்கும். ஒரு தடவை அழுத்தும்மா.”

அழுத்தினார், சரியாகிவிட்டது. கீபோர்டு வாங்க வைத்திருந்த காசு மிச்சம்.

எனக்கு வரும் ‘கீபோர்டு கெட்டுப்போச்சு’ அழைப்புகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். யாரும் சீண்டாத ஒரு கீ கைபட்டு ஆன் ஆகியிருக்கும். அதன் பெயரும் வேலையும் தெரிந்திருந்தால் அரை நிமிடத்தில் முடிகிற விஷயம். பெயர் தெரியாதபோது என்னிடம் எப்படிக் கேட்பது என்றுகூட அவர்களுக்குத் தெரிவதில்லை. அதனால் கீயின் பெயரில் தொடங்காமல், உங்கள் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே ஒரு கீபோர்டு வரும். ஷிஃப்ட், கண்ட்ரோல், கேப்ஸ் லாக், ஸ்க்ரோல் லாக் போன்றவற்றில் எது ஆன் ஆகிக் கிடக்கிறதோ அது நிறம் மாறித் தெரியும். மவுஸால் அதைச் சொடுக்கி அணைத்துவிடலாம். உண்மையான கீபோர்டில் அந்தக் கீயே இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும்.

அம்புக்குறியை அழுத்தினால் செல் நகராமல் ஷீட் நகர்கிறது

ஸ்க்ரோல் லாக். 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டிலேயே இந்தக் கீ இருந்தது. மவுஸ் பரவலாகாத காலம் அது. கர்சரை இருந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் எழுத்தை மட்டும் மேலும் கீழும் உருட்டிப் பார்க்க இது தேவைப்பட்டது. இன்று அந்தப் பழைய பொருளில் இதற்குச் செவிசாய்க்கும் புரோகிராம்களில் நாம் தினமும் தொடுவது எக்செல் ஒன்றுதான். எக்செல்லின் அடியில் இருக்கும் பட்டையில் ‘ஸ்க்ரோல் லாக்’ என்று எழுதியிருக்கும், அதுவே அடையாளம்.

லேப்டாப்பில் இந்தக் கீ பெரும்பாலும் இருக்காது. லெனோவோ திங்க்பேட் வகையில் எஃப்என் கீயோடு கே எழுத்தை அழுத்த வேண்டும். மற்றதில் மேலே சொன்ன திரை கீபோர்டுதான் நேர்வழி.

இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு: அம்புக்குறியை அழுத்தினால் செல் நகரும், ஆனால் போகிற வழியெல்லாம் தேர்வாகிக்கொண்டே போகும். அது எஃப்8. ஷிஃப்ட்டைப் பிடிக்காமலே தேர்வு செய்ய வைத்திருக்கும் வசதி. வேர்டிலும் உண்டு. எஸ்கேப் அழுத்தினால் நின்றுவிடும்.

ஒரு எழுத்து அடித்தால் அடுத்த எழுத்து அழிகிறது

இன்சர்ட். பேக்ஸ்பேஸுக்குப் பக்கத்தில், டெலிட்டுக்கு மேலே இருக்கும். டெலிட்டை அழுத்தப் போகும் விரல் கொஞ்சம் மேலே ஏறினால் போதும். அடுத்த நிமிடம் நடு வரியில் ஒரு வார்த்தையைச் செருகப் பார்த்தால், முன்னால் இருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டே போகும். பெயரைப் பார்த்தால் குழப்பமாகத்தான் இருக்கும். இந்தக் கீ இரண்டு நிலைகளுக்கு நடுவே மாற்றும்: ஒன்று நடுவில் செருகுவது, இன்னொன்று மேலேயே அடிப்பது. நாம் எப்போதும் இருப்பது செருகும் நிலையில். கைபட்டு மாறினால் இரண்டாவதுக்குப் போய்விடுகிறோம். இன்னொரு முறை அழுத்தினால் பழைய நிலை வந்துவிடும்.

இந்தத் தொல்லை அதிகம் இருந்ததால்தான் வேர்டின் புதிய பதிப்புகளில் இன்சர்ட் கீக்கு அங்கே வேலை இல்லாமல் வைத்திருக்கிறார்கள். அப்படியும் உங்கள் வேர்டில் எழுத்து அழிந்தால், ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு என்று போய் ‘ஓவர்டைப்’ என்று வரும் இரண்டு கட்டங்களிலும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

ஆனால் இந்தக் கீயை வெறுக்க வேண்டாம். ஷிஃப்ட்டோடு இன்சர்ட் என்றால் பேஸ்ட், கண்ட்ரோலோடு இன்சர்ட் என்றால் காப்பி. கண்ட்ரோல்-வி வேலை செய்யாத, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரைகளில் பல நேரம் ஷிஃப்ட்-இன்சர்ட் கைகொடுக்கும். லினக்ஸ் சர்வரோடு மல்லாடுகிறவர்கள் இதை விரலிலேயே வைத்திருப்பார்கள்.

பாஸ்வேர்டு சரியாக அடித்தாலும் தவறு என்கிறது

முதலில் கேப்ஸ் லாக்கைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். லேப்டாப் என்றால் அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியது எண்களுக்கான பூட்டுக் கீயான ‘நம் லாக்’ (Num Lock).

தனி எண் பலகை இல்லாத பழைய லேப்டாப்கள் பலவற்றில், எழுத்துகளுக்குள்ளேயே எண் பலகையை ஒளித்து வைத்திருப்பார்கள். கீயின் ஓரத்தில் சின்னதாக, வேறு நிறத்தில் எண்கள் அச்சாகி இருக்கும். நம் லாக் ஆன் ஆனால் யு, ஐ, ஓ மூன்றும் 4, 5, 6 ஆகும். ஜே, கே, எல் மூன்றும் 1, 2, 3. எம் எழுத்து 0. மற்ற எழுத்துகள் பெரும்பாலும் எப்போதும்போல விழும். ஒருவர் தன் ஊர் ‘குமுளி’யைப் பாஸ்வேர்டாக வைத்திருக்கிறார் என்று வையுங்கள். கே, யு, எம், யு, எல், ஐ என்று ஆறு எழுத்தும் அந்த ஒளிந்த பலகைக்குள்ளேயே வருகின்றன. அவர் கவனமாக அடிப்பார், உள்ளே போவது 240435. திரையில் தெரிவதோ ஆறு கறுப்புப் புள்ளிகள்தான். சில முறை தவறினால் வங்கித் தளம் பூட்டிக்கொள்ளும்.

பாஸ்வேர்டு கட்டத்தின் ஓரத்தில் கண் படம் இருந்தால் அதை அழுத்தி, என்ன விழுகிறது என்று பாருங்கள். இல்லையென்றால் யூசர் நேம் கட்டத்தில் அடித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுங்கள். எண்கள் விழுந்தால் எஃப்என் கீயோடு நம் லாக்கை அழுத்தி அணைக்க வேண்டும்.

பெரிய கீபோர்டில் தலைகீழாக நடக்கும்: வலப்பக்க எண் பலகையில் அடித்தால் எண் விழாது. நம் லாக் அணைந்திருக்கிறது. அப்போது 8, 4, 6, 2 அம்புக்குறிகளாகவும், 7 ஹோம் ஆகவும், 1 எண்ட் ஆகவும் மாறிவிடும். இதில் ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தப் பலகையில் 0 என்பதுதான் இன்சர்ட். நம் லாக் அணைந்திருப்பது தெரியாமல் தொகை அடிக்கிறவர், 0 அழுத்தும்போதெல்லாம் இன்சர்ட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் எழுத்து அழிகிறது என்று தனியாக ஒரு புகார் வரும். இரண்டும் ஒரே கோளாறு.

எண் பலகையை அழுத்தினால் மவுஸ் அம்பு நகர்கிறதா? இடப்பக்க ஆல்ட், இடப்பக்க ஷிஃப்ட், நம் லாக் மூன்றும் சேர்ந்து அழுந்தியிருக்கிறது. அதே மூன்றை இன்னொரு முறை அழுத்துங்கள். மவுஸ் செத்துப்போன நாளில் இது பெரிய உதவி என்பதையும் நினைவில் வையுங்கள்.

கீயை ஒரு நொடி பிடித்தால்தான் எழுத்து விழுகிறது

கேட்டால் எல்லோரும் ‘கீபோர்டு ஸ்லோ ஆயிடுச்சு’ என்பார்கள். வைரஸ் என்று சொல்லி கம்ப்யூட்டரையே ஃபார்மட் போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். இதன் பெயர் ஃபில்டர் கீஸ். வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு நொடி பிடித்திருந்தால் வந்து நிற்கும். எதையோ படித்துக்கொண்டே விரலை ஷிஃப்ட்டில் சாய்த்து வைத்திருப்போம். கேள்வி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். படிக்காமல் எண்டர் தட்டுவோம், ஆன் ஆகிவிடும்.

இதேபோல ஷிஃப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ். அதன் பிறகு ஷிஃப்ட்டோ கண்ட்ரோலோ ஒருமுறை தட்டினாலே பிடித்து வைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும்.

இரண்டையும் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அணைக்கலாம். பழைய விண்டோஸில் ‘ஈஸ் ஆஃப் அக்சஸ்’ என்று இருக்கும். அங்கேயே இந்தக் குறுக்குவழியையும் சேர்த்து அணைத்துவிட்டால் மறுபடி வராது. ஆனால் பலர் உட்காரும் கம்ப்யூட்டர் என்றால், யாருக்காவது தேவைப்படுகிறதா என்று கேட்டுவிட்டு அணையுங்கள். கை நடுங்குகிறவர்களுக்கும், ஒரே கையால் டைப் அடிக்கிறவர்களுக்கும் வைத்த வசதிகள் இவை. ஒற்றைக் கையால் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் எப்படி அழுத்துவது? ஸ்டிக்கி கீஸ் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும்.

அட் குறியை அடித்தால் மேற்கோள் குறி வருகிறது

@ அடித்தால் ", " அடித்தால் @. இரண்டும் இடம் மாறியிருந்தால் சந்தேகமே வேண்டாம், மொழி அமைப்பு இங்கிலாந்துக்குப் போய்விட்டது. நம் ஊரில் விற்கும் கீபோர்டுகளில் அச்சாகியிருப்பது அமெரிக்க அமைப்பு. அதில் ஷிஃப்ட்டோடு 2 என்றால் @. பிரிட்டன் அமைப்பில் அதே இடத்தில் ". இன்னொரு சோதனையும் செய்யலாம்: ஷிஃப்ட்டோடு 3 அழுத்தினால் # வருவதற்குப் பதில் பவுண்டு குறி £ வந்தால் உறுதி.

விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் தட்டினால் இருக்கிற மொழி அமைப்புகள் வரிசையாக வரும், சரியானதைத் தேர்ந்தெடுங்கள். இடப்பக்க ஆல்ட்டோடு ஷிஃப்ட் அழுத்தினாலும் மாறும். பெரும்பாலும் தவறுதலாக மாறியதே அப்படித்தான். வேண்டாத அமைப்பை செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் நீக்கிவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த லேப்டாப்பில் இது மறுபக்கமாக இருக்கும். அங்கே அச்சே அந்த அமைப்பில்தான். எண்டர் கீ உயரமாக, எல் எழுத்தைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கும். இடப்பக்க ஷிஃப்ட் குட்டையாகி, அதன் பக்கத்தில் \ குறிக்கு ஒரு கீ கூடுதலாக வரும். ~ குறி எண்டருக்கு ஒட்டிய # கீயில், ஷிஃப்ட்டோடு இருக்கும். அச்சில் இருப்பதே விழ வேண்டும் என்றால் பிரிட்டன் அமைப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதே கோளாறு வேறு முகத்தோடு வரும். அரைப்புள்ளி அடித்தால் ந, மேற்கோள் அடித்தால் ய, சதுர அடைப்பு அடித்தால் ச, ஞ, சாய்கோடு அடித்தால் ழ. இது தமிழ் 99 அமைப்பு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்டது. அடிக்கடி வரும் எழுத்துகள் விரலுக்கடியிலேயே இருக்க வேண்டும் என்பதற்காகக் குறிகளின் வீட்டையும் எழுத்துகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது நல்ல முடிவு என்பதுதான் என் கருத்து. இந்தக் கட்டுரையையும் அதில்தான் அடிக்கிறேன். குறி வேண்டும்போது விண்டோஸ்-ஸ்பேஸ் தட்டி ஆங்கிலத்துக்குப் போய் வந்தால் போதும்.

கீயில் ரூபாய் குறி அச்சாகியிருக்கிறது, அடித்தால் வரவில்லை

அச்சு வேறு, அமைப்பு வேறு. கீயின் மேல் என்ன வரைந்திருக்கிறது என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்த வரிசையில் எத்தனையாவது கீ அழுந்தியது என்பதுதான் அதற்குத் தெரியும். அதை எந்தக் குறியாக்குவது என்று மொழி அமைப்பு முடிவு செய்யும். அமெரிக்க அமைப்பில் ₹ குறிக்கு இடமே இல்லை. மொழிப் பகுதியில் ‘இங்கிலீஷ் இந்தியா’ என்ற கீபோர்டைச் சேர்த்துக்கொண்டு, வலப்பக்க ஆல்ட்டோடு 4 அழுத்துங்கள், ₹ வரும். வலப்பக்க ஆல்ட் கைக்கு வசதிப்படவில்லை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் சரி.

அவசரத்துக்கு வேர்டில் ஒரு வழி: ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டு எண் பலகையில் 8377 அடித்து விடுங்கள்.

குறி வருகிறது, ஆனால் கட்டமாகத் தெரிகிறது என்றால் அது எழுத்துருவின் குறை. தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார் வடிவமைத்த இந்தக் குறியை மத்திய அமைச்சரவை ஏற்றது 2010 ஜூலை 15 அன்று. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யுனிகோடின் 6.0 பதிப்பில் அதே ஆண்டு அக்டோபரில் இடம் கிடைத்தது. அதற்கு முன்னால் செய்த எழுத்துருக்களில் இது எப்படி இருக்கும்? பழைய எழுத்துருவில் இருந்தால் அந்த ஒரு குறியை மட்டும் தேர்ந்தெடுத்து நிர்மலா யுஐ போன்ற புது எழுத்துருவுக்கு மாற்றுங்கள்.

இனி நான் அதிகம் சந்தித்த ஒன்றைச் சொல்கிறேன். பழைய பில், பழைய கொட்டேஷன் ஃபைலைத் திறந்தால் ரூபாய் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சாய்ந்த கீறல் இருக்கும்: ` 500 என்று. அச்சான விளம்பரங்களில்கூட இதைப் பார்த்திருப்பீர்கள். குறி அறிவிக்கப்பட்டு, யுனிகோடு வராமல் இருந்த அந்தச் சில மாதங்களில், அவசரத்துக்கு ஒரு எழுத்துரு வந்தது. டேப் கீக்கு மேலே, எஸ்கேப்புக்குக் கீழே இருக்கும் ` குறியின் இடத்தில் அது ரூபாய் வடிவத்தை வரைந்துவிட்டது. ஊரெல்லாம் அதைப் போட்டுக்கொண்டோம். அந்த எழுத்துரு இருக்கும் கம்ப்யூட்டரில் ரூபாயாகத் தெரியும், இல்லாத இடத்தில் உள்ளே உண்மையில் இருக்கும் கீறல்தான் தெரியும். அச்சகத்துக்கு ஃபைல் போனால் ஆயிரம் நோட்டீஸும் கீறலோடு வந்து நிற்கும்.

சரி செய்வது சுலபம். கண்ட்ரோல்-எச் அழுத்தி, தேடும் கட்டத்தில் ` அடித்து, மாற்றும் கட்டத்தில் ₹ ஒட்டி, எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிறகு ஃபைல் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரு யுனிகோடு எழுத்துருவுக்கு மாற்றுங்கள். ஆனால் ஃபைலில் பாமினி போன்ற பழைய தமிழ் எழுத்துருவும் இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அவற்றில் ` குறியின் இடத்தில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

தமிழ்க் கணக்கில் ரூபாய்க்கு என்றே ௹ என்ற குறி காலங்காலமாக இருந்தது. அதுவும் யுனிகோடில் உண்டு. வேர்டில் பூஜ்யம், ஆங்கில பி, எஃப், ஒன்பது என்று நான்கையும் அடித்து உடனே ஆல்ட்டோடு எக்ஸ் அழுத்தினால் வந்துவிடும். நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, மேற்படி ௸ எல்லாமே அங்கே இருக்கின்றன. பழைய பத்திரங்களைத் தட்டச்சு செய்கிறவர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

எக்செல்லில் தொகைகள் மறைந்து சூத்திரங்கள் தெரிகின்றன

மறுபடி அதே ` கீதான். இதன் பெயர் கிரேவ். பேக்டிக் என்றும் சொல்வார்கள். கண்ட்ரோலோடு இதை அழுத்தினால் ஷீட் முழுவதும் சூத்திரமாக மாறும், பத்தியெல்லாம் அகலமாகிவிடும். கண்ட்ரோல்-1 அழுத்தப் போன விரல் ஒரு கீ இடப்பக்கம் தவறியிருக்கும். இன்னொரு முறை கண்ட்ரோல்-` அழுத்துங்கள், எல்லாம் பழையபடி வரும். எதுவும் அழியவில்லை, பயப்பட வேண்டாம்.

தேதிகள் மட்டும் எண்ணாகிவிட்டதா? அதாவது 31-03-2025 இருந்த இடத்தில் 45747 என்று? அப்படியென்றால் கூட ஷிஃப்ட்டும் அழுந்தியிருக்கிறது. அது தேர்ந்தெடுத்த செல்களில் எண்ணைத் தேதியாகவோ தொகையாகவோ காட்டும் அலங்காரத்தைக் கழற்றிவிடும். எக்செல் தேதியைத் தேதியாக வைத்துக்கொள்வதில்லை, 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்த எண்தான் வெளியே தெரிகிறது. உடனே கவனித்தால் கண்ட்ரோல்-இசட். நேரம் கடந்திருந்தால் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், 3 அழுத்துங்கள்.

நட்சத்திரக் குறியை நீக்கச் சொன்னால் ஷீட்டே காலி

எக்செல்லின் தேடும் கட்டத்தில் * என்றால் ‘எது வேண்டுமானாலும்’ என்று பொருள், ? என்றால் ‘ஏதாவது ஒரு எழுத்து’. ஆகவே * ஐத் தேடி வெறுமையாக மாற்று என்றால், எழுத்திருக்கும் எல்லாச் செல்லையும் துடைத்துவிடும். முதலில் கண்ட்ரோல்-இசட். பிறகு ~* என்று தேடுங்கள். அந்த அலைக்கோட்டின் பெயர் டில்டே. பின்னால் வரும் குறியை வெறும் குறியாகவே எடுத்துக்கொள் என்று எக்செல்லுக்குச் சொல்வது அது.

வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் காணாமல் போவதும் இந்த ஜாதிதான். இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவே வரும் சொல் தடித்த எழுத்தாகிவிடும், நட்சத்திரங்கள் மறைந்துவிடும். அண்டர்ஸ்கோர் என்றால் சாய்ந்த எழுத்து, டில்டே என்றால் குறுக்கே கோடு. யாருக்காவது வைஃபை பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி அது வேலை செய்யவில்லை என்றால், இதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

முகவரி சரியாக அடித்தும் திறக்கவில்லை, மெயில் திரும்பி வருகிறது

போனில் சொல்லிக் கேட்டு அடித்ததா? அப்படியென்றால் குறியின் பெயரில் பிழை இருக்கும். ‘கோடு’ என்று சொன்னால் ஒருவர் நடுக்கோட்டை அடிப்பார், இன்னொருவர் கீழ்க்கோட்டை. நடுவில் இருப்பது ஹைஃபன், ஷிஃப்ட்டோடு அதே கீயை அழுத்தினால் வருவது அண்டர்ஸ்கோர். இணைப்புகளுக்கு அடியில் தானாகக் கோடு விழுவதால் அண்டர்ஸ்கோர் அதில் கலந்து இடைவெளிபோலத் தெரியும். மெயில் முகவரிக்குள் இடைவெளி தெரிந்தால் அது அண்டர்ஸ்கோராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

சாய்கோட்டில் இரண்டு. கேள்விக்குறிக் கீயில் இருப்பது /, அது ஸ்லாஷ். எண்டருக்கு மேலே இருப்பது \, அது பேக்ஸ்லாஷ். இணைய முகவரிக்கு எப்போதும் ஸ்லாஷ், விண்டோஸ் ஃபோல்டர் வழிக்குப் பேக்ஸ்லாஷ். இந்தப் பிரிவினை 1983இல் எம்எஸ்-டாஸ் 2.0 வந்தபோது ஏற்பட்டது. ஃபோல்டர் வசதி அதில்தான் முதலில் வந்தது. ஆனால் ஸ்லாஷ் குறியை அதற்கு முன்பே வேறு வேலைக்குக் கொடுத்திருந்தார்கள், அதனால் எதிர்ப்பக்கம் சாய்ந்ததை எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து பேசுகிறவர் ‘பவுண்டு கீ’ என்றால் # குறியை அழுத்துங்கள். நாம் ஹேஷ் என்று சொல்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். ‘பைப்’ என்றால் பேக்ஸ்லாஷ் கீயில் ஷிஃப்ட்டோடு வரும் நெட்டைக்கோடு |. சில கீபோர்டில் நடுவே உடைந்த கோடாக வரைந்திருப்பார்கள், அதுவும் இதுவேதான். ‘கேரட்’ என்றால் 6க்கு மேலே இருக்கும் ^.

எஃப்2 அழுத்தினால் திரை வெளிச்சம் மாறுகிறது

எஃப்என் பூட்டு. பல லேப்டாப்களில் எஃப்என் கீயோடு எஸ்கேப்பை அழுத்தினால் மாறும். எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் இதுதான்.

மவுஸின் வலப்பக்க பட்டன் வேலை செய்யவில்லை

வலப்பக்கம் ஆல்ட்டுக்கும் கண்ட்ரோலுக்கும் நடுவே, வரிவரியாகக் கோடு போட்டு ஒரு கீ இருக்கும். மெனு கீ. வலச்சொடுக்கின் வேலையை அப்படியே செய்யும். அது இல்லாவிட்டால் ஷிஃப்ட்டோடு எஃப்10. 2024 முதல் வரும் லேப்டாப்கள் பலவற்றில் அந்த இடத்தில் கோபைலட் கீ வந்துவிட்டது, அங்கே ஷிஃப்ட்-எஃப்10தான் கதி.

பிரிண்ட் ஸ்க்ரீன் அழுத்தினால் திரை மங்குகிறது

விண்டோஸ் 11 என்றால் அது கோளாறு இல்லை. வேண்டிய பகுதியை வெட்டிக்கொள்ளச் சொல்கிறது. முழுத்திரையும் ஃபைலாகவே வேண்டும் என்றால் விண்டோஸ் கீயோடு சேர்த்து அழுத்துங்கள், பிக்சர்ஸில் ஸ்க்ரீன்ஷாட்ஸ் என்ற ஃபோல்டரில் போய் உட்காரும். திறந்திருக்கும் ஒரு ஜன்னல் மட்டும் போதும் என்றால் ஆல்ட்டோடு. பக்கத்தில் இருக்கும் பாஸ் (Pause) கீயையும் சொல்லிவிடுகிறேன்: விண்டோஸ் கீயோடு அதை அழுத்தினால் கம்ப்யூட்டரின் மெமரி எவ்வளவு, எந்த விண்டோஸ் என்ற விவரம் வந்துவிடும். போனில் யாராவது அதைக் கேட்டால் தேடி அலைய வேண்டாம்.

பெயர் திரையில் இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது

இது கீபோர்டு பிழைதான், ஆனால் அடித்தவரின் விரலில் இருப்பது. ஓர் அலுவலகத்தில் சௌந்தர்யா என்ற பெயரைப் பட்டியலில் தேடி அரை மணி நேரம் போனது. கண்ணெதிரே இருக்கிறது, கம்ப்யூட்டர் இல்லை என்கிறது. காரணம், பட்டியலில் இருந்தது ‘சௌ’ இல்லை, ‘செள’. முதலாவது ச-வோடு ஔகாரக் குறி சேர்ந்த ஒரே எழுத்து. இரண்டாவது செ, அதன் பின்னால் தனியாக ஒரு ள. அச்சில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். மிஞ்சுவது வெறும் ‘ச’ என்றால் அடித்தது சரி. ‘செ’ மிஞ்சினால் தவறு. தமிழ் 99இல் ஔ இருப்பது இசட் கீயில். அது தெரியாமல் எ-வும் ள-வுமாகச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள்.

மொத்தமாக மாற்றிவிடலாமே என்று ‘எல்லாவற்றையும் மாற்று’ பட்டனை அழுத்திவிடாதீர்கள். வெள்ளி, வெள்ளம், தெளிவு எல்லாவற்றிலும் அதே சேர்க்கை உண்டு, எல்லாம் சிதைந்துவிடும். கௌ, சௌ, மௌ என்று பெயர்களில் வருவதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை

வேறு ஒரு யுஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அதிலும் அதே கோளாறு என்றால் பிழை விண்டோஸில் இருக்கிறது, மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறீர்கள். புதியதில் சரியாக வேலை செய்தால் பழையது உண்மையிலேயே போய்விட்டது. எந்தக் கீகள் வேலை செய்யவில்லை என்று குறித்துப் பாருங்கள். ஒரே ஒரு கீ என்றால் அடியில் தூசியோ பிஸ்கட் துணுக்கோ இருக்கும், தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் விழுந்துவிடலாம். மூன்று நான்கு கீகள் ஒன்றாகப் போயிருந்தால் உள்ளே ஒரு கம்பித்தடம் அறுந்திருக்கிறது. கீபோர்டு வரிசையும் பத்தியுமாகக் கட்டம் கட்டிய தடங்களில் வேலை செய்வதால், ஒரு தடம் போனால் அதில் தொங்கும் அத்தனை கீயும் போகும். டீ கொட்டிய கீபோர்டில் இதைத்தான் பார்ப்போம். சாதாரண விலைக் கீபோர்டில் இதைப் பழுது பார்ப்பதில் பயனில்லை.

அப்போது புதியது வாங்கலாம். கடையில் டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். 2க்கு மேலே @ இருக்கிறதா, ஸ்க்ரோல் லாக்கும் மெனு கீயும் இருக்கின்றனவா, நம் லாக்குக்கு விளக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இப்போது வரும் வயர்லெஸ் கீபோர்டுகள் பலவற்றில் அந்த மூன்று விளக்குகளையும் எடுத்துவிட்டார்கள்.